கீமோவுக்கும் கீமோவுக்கும் நடுவே: ஊரில் கிடைக்கும் சேவைகளும் விடுபடும் இடங்களும்

சென்னையில் புற்றுநோய் சிகிச்சை எப்படி என்று வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு நடத்தும் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, தனியார் மையங்கள் என்று தேர்ந்த இடங்கள் இருக்கின்றன. ஆபத்து காத்திருப்பது கீமோ என்னும் புற்றுநோய் மருந்து ஏறி வீட்டுக்கு வந்த பிறகு, அடுத்த சுற்றுக்கு முந்தைய மூன்று வாரத்தில். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறார், நர்ஸ் வருகிறார், மருந்து வாசலுக்கு வருகிறது. ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இவர்களை இணைக்கிற வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. விடுமுறைக்கு வருகிற நாம் உருப்படியாகச் செய்யக்கூடியதும் அதுதான்.

முதலில் காய்ச்சல். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் டாக்சோரூபிசின் போன்ற மருந்துகளில், தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், மருந்து ஏறிய 10 முதல் 14 நாளுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கி, 21-ஆம் நாளுக்குள் மீளும். வாந்தி நின்று, முகம் தெளிந்து, "இப்ப பரவாயில்ல" என்று சொல்லும் நாட்களும் இவைதான். உறவினர்கள் பார்க்க வருவதும் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அழைத்துப் போவதும் சரியாக அப்போதுதான் நடக்கிறது.

இந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். 101 காட்டினால் உடனே கிளம்ப வேண்டும். "நூறு தானே, ஒரு டோலோ போட்டுப் பார்க்கலாம்" என்பதுதான் நம் வீடுகளின் பழக்கம். கீமோ நோயாளிக்கு அது கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமி உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்து, ஒலி வரும்வரை எடுக்காமல் பாருங்கள். காபி குடித்திருந்தால் அரைமணி கழித்துப் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ எனிமாவோ கூடவே கூடாது. அங்கே சிறு கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்துக்குள் நுழைந்துவிடும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் முதியவருக்கும் காய்ச்சலே வராமல் தொற்று முற்றலாம். நடுக்கம், தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம் இருந்தால் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லும் கவுண்ட் ரிப்போர்ட்டைப் படிக்க வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். வெள்ளை அணுக்களின் டோட்டல் கவுண்ட் மட்டும் போதாது. அதை, கிருமியோடு முதலில் மோதும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபிலின் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். சில லேப்களில் நியூட்ரோஃபிலைப் பாலிமார்ஃப் என்று போட்டிருப்பார்கள். டோட்டல் 1,800, நியூட்ரோஃபில் 22 சதவீதம் என்றால் விடை 396. 500-க்குக் கீழே போய்விட்டாலே கடுமையான குறைவு. அதோடு காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கேஷுவால்டிக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "கீமோ பேஷன்ட், பதினோராம் நாள், 101 டிகிரி." ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும், அதற்கு முன், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். இங்கே அடிக்கடி தவறுகிறது. பக்கத்துத் தெருக் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கி அனுப்பிவிடுகிறார்கள். பிளேட்லெட் இறங்கியிருக்கும் நேரத்தில் அது ரத்தக்கசிவுக்கு வழி, சிறுநீரகத்துக்கும் கெடுதல். மழைக்காலத்தில் "டெங்கு ரிப்போர்ட் வரட்டும்" என்று காத்திருக்க வைப்பதும் நடக்கிறது. டெங்கு பரிசோதனை தேவைதான், ஆனால் ஆன்டிபயாடிக் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் இலவசம், விரைவாகவும் வருகிறது. எந்த மருத்துவமனையில் சிகிச்சை என்பதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். அது எட்டாத தூரம் என்றால் அருகில் இருக்கும் பெரிய மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள்.

கவுண்ட் ஏற்றும் ஊசியான ஃபில்கிராஸ்டிம், கீமோ முடிந்து 24 மணி நேரம் ஆகும்வரை போடக்கூடாது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து அது. ஆர்டர் செய்து வரவழைத்தால் பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் ஜெல் உருகி வெதுவெதுப்பாக வந்தால் திருப்பி அனுப்ப முழு உரிமை உண்டு. ஃப்ரீசருக்குள்ளும் வைக்கக் கூடாது, உறைந்துவிட்டால் வீண்.

வீட்டு நர்ஸ் சேவை நன்றாக வளர்ந்திருக்கிறது, ஆனால் மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் பதிக்கும் கீமோபோர்ட் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். போர்ட்டுக்குள் அதற்கென்றே செய்த ஹியூபர் ஊசி மட்டுமே போக வேண்டும். சாதாரண ஊசி அதன் ரப்பர் மூடியைச் சிறுகச் சிறுகச் செதுக்கிவிடும், பிறகு மருந்து கசியும். ஹியூபர் ஊசி அக்கம்பக்கத்துக் கடையில் கிடைக்காது. புற்றுநோய் மருத்துவமனையை ஒட்டிய மருந்துக் கடையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாய் அடைக்காமல் இருக்கத் திரவம் செலுத்தி ஃப்ளஷ் செய்ய 10 மில்லி சிரிஞ்ச் வேண்டும். 2 மில்லியில் அழுத்தினால் குழாய்க்குள் அழுத்தம் எகிறி அது வெடிக்கக்கூடும். பயன்படுத்தாத போர்ட்டைப் பெரும்பாலான இடங்களில் மாதம் ஒருமுறை ஃப்ளஷ் செய்யச் சொல்கிறார்கள். கை நரம்பு வழியாக வைக்கும் நீளக் குழாயான பிக் லைனுக்கு வாரம் ஒருமுறை ஃப்ளஷும் டிரெஸ்ஸிங்கும் தேவை. டிரெஸ்ஸிங் நனைந்தாலோ விளிம்பு பிரிந்தாலோ அன்றே மாற்ற வேண்டும். ஃப்ளஷ் செய்த அரைமணியில் குளிர் நடுக்கம் வந்தால் குழாயிலேயே தொற்று இருக்கலாம். அதைக் காய்ச்சல் போலவே அவசரமாகக் கருதுங்கள்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டிய ஒன்று ஹெபடைடிஸ் பி. கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் எங்கும் பார்த்துவிடுகிறார்கள். முன்பு வந்து போனதையும் காட்டும் கோர் ஆன்டிபாடி பரிசோதனை பல கோப்புகளில் இல்லை. எப்போதோ வந்து அடங்கிய கிருமி கீமோவில், அதிலும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கான ரிடக்சிமாப் மருந்து கொடுக்கும்போது, மறுபடி எழுந்து கல்லீரலைச் செயலிழக்க வைக்கலாம். முன்பே தெரிந்தால் எண்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையால் தடுக்க முடியும். கேட்டு எழுதி வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக. புற்றுநோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனுக்கு 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே. விழுப்புரத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினியாக வருபவருக்கு வழியிலேயே சர்க்கரை தாழ்ந்துவிடும். இன்சுலினை எப்போது, எவ்வளவு என்று முதல் நாளே ஸ்கேன் மையத்தில் கேளுங்கள். அதற்குப் போடும் ஊசியில் கதிரியக்கம் இருப்பதால், ஸ்கேன் முடிந்த சில மணி நேரம் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் அருகில் இருக்க வேண்டாம். சாய மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி. என்றால், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் சமீபத்திய கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சமையலறையில் தேவைக்கு மேல் பயம் இருக்கிறது. பச்சைக் காய், பழம் அனைத்தையும் ஒதுக்கும் கடும் பத்தியத்தால் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. கழுவி, வீட்டிலேயே தோல் உரித்த வாழைப்பழமும் ஆரஞ்சும் சாப்பிடலாம். தெருவில் வெட்டி வைத்த பழமும் ஐஸ் போட்ட ஜூஸும் மதியம்வரை வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னியும் வேண்டாம். கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள். முட்டை, பருப்பு, நன்றாக வெந்த மீன் குறையக் கூடாது. பிளேட்லெட் ஏற என்று பப்பாளி இலையைப் பச்சையாக அரைத்துக் கொடுக்கும் வழக்கமும் சீந்தில் கஷாயமும் பல வீடுகளில் தென்படுகின்றன. சீந்திலால் கல்லீரல் பாதித்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அன்போடு கொடுப்பவரிடம் அன்போடுதான் மறுக்க வேண்டும், ஆனால் மறுத்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் நாமும் ஆபத்தைச் சுமந்து வரலாம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இறங்கியதும் தொண்டை கரகரத்தால் வேறு வீட்டில் தங்குங்கள். குழந்தைக்கு அம்மை கண்டு, அதுவும் நோயாளியும் ஒரே அறையில் இருந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். போலியோ சொட்டு மருந்து போட்ட குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் கிருமி வெளியேறும். டயப்பரை நோயாளி மாற்றக் கூடாது.

திரும்புவதற்கு முன் ஒரே ஒரு தாள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மருந்தின் பெயர், கடைசி கீமோ தேதி, அடுத்த போர்ட் ஃப்ளஷ் தேதி, ஒவ்வாமை, ரத்தப் பிரிவு, மருத்துவமனையின் இரவு நேர எண். அதன் அடியில், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் காரை எடுத்து வரச் சம்மதித்த பக்கத்து வீட்டுக்காரரின் பெயர். அந்தச் சம்மதத்தை ஊரில் இருக்கும்போதே நேரில் கேட்டு வாங்குங்கள். விமானம் ஏறிய பின் போனில் கேட்பது அத்தனை எளிதல்ல.