மிளகாய்த்தூள் விற்க ஷொப்பிஃபையா, வூகொமர்ஸா?

சுன்னாகத்தில் இருக்கும் என் மச்சாள், வறுத்த மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் இணையத்தில் விற்கப் போகிறேன் என்று போன தை மாதம் வந்து நின்றார். "ஷொப்பிஃபை நல்லதாம், வூகொமர்ஸ் சும்மா கிடைக்குமாம், எதை எடுக்க?" என்று கேட்டார். காசு எப்படிக் கைக்கு வரும் என்று முதலில் பாருங்கோ என்றேன். யாழ்ப்பாணத்தில் இருந்து கடை போடுகிறவர்களுக்கு வடிவு, நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஷொப்பிஃபை மாத வாடகைக்கு இணையக் கடை போட்டுத் தரும் சேவை. வாங்குபவரிடம் கார்டில் காசு எடுக்கும் அதன் சொந்த வசதி இலங்கைக்கு இல்லை. அதே வேலை செய்யும் ஸ்ட்ரைப் சேவையும் இல்லை. பேபாலில் இங்கிருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது. அதனால் பேஹியர் போன்ற உள்ளூர்ச் சேவை ஒன்றைத்தான் இணைக்கவேண்டும், அவர்கள் தங்கள் வீதத்தை வெட்டுவார்கள், அதற்கு மேலே வெளியாருடைய சேவையைப் பாவித்தீர்கள் என்று ஷொப்பிஃபை தன் பங்குக்கு அடிப்படைத் திட்டத்தில் 2 வீதம் எடுக்கும். (சாமானைக் கொடுத்துவிட்டுக் கையில் காசு வாங்கும் ஓடருக்கு அந்த 2 வீதம் இல்லை, இது பலருக்குத் தெரியாது.) மாதக் கட்டணம் அமெரிக்க விலைப்படி 39 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 11,700 ரூபா. மச்சாளுக்குக் கால் கிலோப் பை ஒன்றில் எல்லாம் போக 150 ரூபாதான் மிஞ்சும், ஆக 78 பை விற்றுமுடிந்த பிறகுதான் அந்த மாதத்தின் முதல் ரூபா அவருடையது.

வூகொமர்ஸ், இணையத்தளம் கட்டும் வேர்ட்பிரஸில் ஓடும் இலவசக் கடை மென்பொருள். வங்கிக்குக் காசு போடுவது, வீட்டு வாசலில் காசு வாங்குவது இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, விற்பனையில் பங்கும் கேட்காது. தளத்தை வைத்திருக்கும் இடமான ஹோஸ்டிங்குக்கும், தளத்தின் முகவரியான டொமைனுக்கும் மட்டும் காசு. ஆனால் சும்மா கிடைப்பதற்கு உழைப்பாகக் கட்டவேண்டும். முன்பு நான் பனையோலைப் பெட்டி விற்ற கடையில், தீபாவளிக்கு நாலு நாள் இருக்க ஒரு செருகுநிரலை (கடையோடு சேர்க்கும் சின்ன மென்பொருள்) புதுப்பித்தேன், காசு கட்டும் பொத்தான் இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிட்டது. ஹோஸ்டிங் காரர் பதில் போட இரண்டு நாள். ஷொப்பிஃபையில் இந்தத் தலையிடி பெரும்பாலும் அவர்களுடையது, நீங்கள் நித்திரை கொள்ளலாம். இன்னொன்று, எடைக்கேற்ற அனுப்புச் செலவை ஷொப்பிஃபையில் நேரே போடலாம், வூகொமர்ஸில் அதற்குத் தனிச் செருகுநிரல் தேடவேண்டும். கால் கிலோவும் ஐந்து கிலோவும் ஒரே கடையில் போகும் மிளகாய்த்தூளுக்கு இது சின்ன விசயமில்லை.

பலரும் ஒரே தளத்தில் விற்கும் இணையச் சந்தையான டராஸைப் பற்றியும் கேட்டார். 2018 முதல் அலிபாபாவின் கையில் இருக்கிறது, கூட்டம் அங்கே தயாராக நிற்கிறது, கொமிஷனும் உண்டு. ஆனால் வாங்கியவருக்கு டராஸில் வாங்கியதுதான் நினைவிருக்கும், மச்சாளின் பெயர் நிற்காது.

என் கணக்கில், ஓடர் பெரும்பாலும் கொழும்பு, வவுனியா என்று உள்ளூரில்தான் என்றால், வீட்டில் கொம்பியூட்டர் தெரிந்த ஒருவரும் இருந்தால், வூகொமர்ஸ். ஒருத்தரும் இல்லை, ஆனால் மாதம் முந்நூறு நானூறு பை போகும் என்றால் ஷொப்பிஃபைக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

மச்சாளின் மகனுக்கு வேர்ட்பிரஸ் கொஞ்சம் பிடிபடும், ஆனால் அவனுக்கு இப்போது ஏ.எல். சோதனை. அது முடியும் வரைக்கும் வட்ஸ்அப் பிஸ்னஸில் படமும் விலையும் போட்டு விற்கிறார், காசு வங்கிக்கு நேரே வருகிறது.