வெயிலூரில் ஓவர்கிளாக்: மார்கழியில் வைத்த வேகம், கத்திரியில் வந்த பச்சைக் கட்டம்

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 3600 புராசஸரை 2021இல் ஆடி முடிந்த கையோடு வாங்கினேன். இதுவரை நான்கு கத்திரி பார்த்துவிட்டது. அதில் முதல் ஒரு வருஷம் ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டி, நான் அதைப் படுத்திய பாடும், பிறகு அது என்னை மன்னித்து ஓடிக்கொண்டிருப்பதும்தான் இந்தப் பகிர்வு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கதை அதில் இருக்கிறது. ஊர் வேலூர், வீடு சத்துவாச்சாரியில். மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த சுவரோடு பத்துக்குப் பத்து அறை. தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். ஏசி கிடையாது, ஒரு மின்விசிறி உண்டு. மூன்று மணி நேரக் கல்யாணப் படத்தை எக்ஸ்போர்ட் போட்டால், அதாவது எடிட் முடித்ததை ஒரே வீடியோ கோப்பாக எழுதவிட்டால், புராசஸர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நூறு சதவீதத்தில் நிற்கும். வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் அந்த என்கோட் வேலையைக் கிராபிக்ஸ் கார்டில் செய்யலாமே என்று கேட்பீர்கள். 2021இல் கார்டு விற்ற விலை ஞாபகம் இருக்கிறதா? என்னிடம் இருந்தது பழைய ஜிடி 1030. அதில் என்கோடரே கிடையாது. பாரம் முழுக்கப் புராசஸர் தலையில்தான்.

பெட்டியோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர் சின்ன அலுமினியக் கட்டி, செம்பு கிடையாது. வாங்கிய மாதமே, எந்த அமைப்பையும் தொடாமல் எக்ஸ்போர்ட் போட்டதற்கே 90 டிகிரியைத் தொட்டது. இந்த மாடலுக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வெப்பம் 95. விசிறிச் சத்தம் மாவு மில் மாதிரி. அதனால் கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 வாங்கிப் போட்டேன். நான்கு ஹீட் பைப், 120 மில்லிமீட்டர் விசிறி. பத்துப் பதினைந்து டிகிரி சட்டென்று இறங்கியது. இறங்கியதும் கை அரித்தது.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது ஓய்வு மாதம். அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். ராத்திரி பத்து மணிக்கு கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"மாமா, ஆட்டோல விட்டாலே வோல்ட்டேஜ் 1.45 வரைக்கும் போவுது பாருங்க. நாம 1.375தான் வைக்கிறோம். ஒண்ணும் ஆவாது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புராசஸருக்குள் கணக்குப் போடும் ஆறு கோரும் 4.3 கிகாஹெர்ட்ஸ், 1.375 வோல்ட். பாரத்தில் வோல்ட்டேஜ் தொய்வதை அடைக்கும் லோட் லைன் கேலிபிரேஷனை உச்சத்தில் வைத்தான். பாரம் ஏற்றிச் சோதிக்கும் மென்பொருள்களில் சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது, ஓசிசிடி ஒரு மணி நேரம் ஓடியது. பிழையே இல்லை. வெப்பம் 78. அறையில் சுவர் தெர்மாமீட்டர் 23 காட்டியது. இரண்டு பேரும் டீ போட்டுக் குடித்தோம்.

அவன் சொன்னதில் இருந்த ஓட்டை எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. ஆட்டோவில் 1.45 வருவது உண்மைதான். ஆனால் அது ஒன்றிரண்டு கோர் மட்டும், லேசான வேலையில், ஒரு கணம் துள்ளும்போது. அப்போது ஓடும் மின்னோட்டம் கொஞ்சம். ஆறு கோரும் ஒன்றாக இழுக்கும்போது அதே ஆட்டோ வோல்ட்டேஜைத் தானாகவே 1.3 பக்கம் இறக்கிவிடும். நாம் கையால் 1.375 என்று ஆணி அடித்தால், முழு மின்னோட்டமும் ஓடும் மூன்று மணி நேரமும் அது அங்கேயே நிற்கும். வோல்ட்டேஜ், மின்னோட்டம், சூடு மூன்றும் சேர்ந்துதான் சில்லைக் கிழடாக்கும்.

லோட் லைன் விஷயமும் அப்படித்தான். பாரம் ஏறும்போது வோல்ட்டேஜ் கொஞ்சம் தொய்வது இயல்பு. உச்ச நிலை அந்தத் தொய்வை அடைத்துவிடும், சரி. பாரம் சட்டென்று விலகும்போது மேலே துள்ளுமே, அது சாதாரண சென்சார் கண்ணில் படவே படாது. இப்போது நடுநிலையில் வைத்திருக்கிறேன். பயாஸில் என்ன எண் போட்டோம் என்பதைவிட, பாரத்தில் எவ்வளவு வருகிறது என்று சென்சார் எண்களைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் எஸ்விஐ2 டிஎஃப்என் என்ற வரியில் பார்ப்பேன். மதர்போர்டு காட்டும் விகோர் (கோர் வோல்ட்டேஜ்) எண்ணை அவ்வளவாக நம்புவதில்லை.

சரி, கதைக்கு வருவோம். தை, மாசி, பங்குனி எல்லாம் நன்றாகப் போயிற்று. சித்திரையில் முகூர்த்தம் குவிந்தது. 2022 மே மாதம் ஒரு மத்தியானம், இரண்டு மணி இருக்கும். நான் பின்பக்க விசிறி ஓட்டையில் கை வைத்துப் பார்க்கிறேன், ஹேர் டிரையர் மாதிரி காற்று. தெர்மாமீட்டர் 38. புராசஸர் 93. நீலத் திரை விழவில்லை, எக்ஸ்போர்ட் முடிந்தது, பென் டிரைவில் போட்டுக் குடியாத்தத்துக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"இன்னா தம்பி, தாலி கட்ற நேரத்துல பொண்ணு மூஞ்சி மேல பச்சையா கட்டம் கட்டமா வருது? வீட்டுல எல்லாரும் உக்காந்து பாத்துனு இருக்கோம்பா."

மூன்று மணி நேரப் படத்தில் மொத்தம் பதினோரு ஃபிரேம்தான் கெட்டிருந்தது. அது சரியாக அங்கேதான் வந்து விழ வேண்டுமா! மூலக் கிளிப்பைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓட்டினேன், ரேமில் குறையில்லை. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால், வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் டபிள்யூஹெச்இஏ லாகர் என்ற பெயரில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை, இரண்டு வாரமாகச் சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் விழுந்தால் தெரியும். விழாமல் தப்பாகக் கணக்குப் போட்டால் பெண் வீட்டார் சொல்லித்தான் தெரியவேண்டும்.

கணக்கு கூட்டிப் பார்த்தால் மூன்றாம் வகுப்புக் கணக்கு. மார்கழியில் அறை 23, சில்லு 78, இடைவெளி 55. கூலர் செய்வதெல்லாம் அந்த இடைவெளியைக் குறைப்பதுதான், அறைச் சூட்டுக்குக் கீழே எந்தக் காற்றுக் கூலரும் கொண்டுபோகாது. அறை 38 ஆனால் 38உம் 55உம் 93. வாட்டர் கூலர் போட்டாலும் அதன் ரேடியேட்டர் உறிஞ்சுவது இதே 38 டிகிரிக் காற்றைத்தான். போதாக்குறைக்கு இந்தத் தலைமுறை ரைசனில் கோர்கள் இருக்கும் சில்லு 74 சதுர மில்லிமீட்டர்தான், அதுவும் மூடிக்கு அடியில் நடுவில் இல்லாமல் ஓரமாக. அந்த நகக்கண் அளவு இடத்திலிருந்து சூடு வெளியே வருவதே பெரும்பாடு. அதனால் பெரிய கூலருக்குக் கொட்டும் பணத்துக்கு ஏற்ற பலன் கிடைப்பதில்லை.

அந்த சீசன் முடியும்வரை எல்லாவற்றையும் ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டு ஓட்டினேன். ஆனால் புத்தி வரவில்லை. மழை ஆரம்பித்ததும் மறுபடி 4.3 வைத்தேன்.

2022 டிசம்பர், அடுத்த மார்கழி. அதே அறை, அதே 23 டிகிரி, அதே எண்கள். போன வருஷம் ஒரு மணி நேரம் தாண்டிய ஓசிசிடி பரீட்சை ஆறாவது நிமிஷத்தில் பிழை காட்டியது. புராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டை மாற்றிப் பார்த்தேன், தூசி தட்டினேன். வெப்பம் முன்பைவிடக் குறைவாகவே இருந்தது, பிழை நிற்கவில்லை. வெயில் மேல் பழி போட வழியில்லை. சில்லு ஒரு வருஷத்தில் கிழடு தட்டிவிட்டது, அவ்வளவுதான். ஏஎம்டியின் மூன்று வருஷ வாரண்டி ஓவர்கிளாக்குக்குப் பொருந்தாது என்பதால் எங்கேயும் போய்க் கேட்கவும் முடியாது.

அப்போதுதான் தலைகீழாக ஆரம்பித்தேன். வேகத்தை முதலில் தீர்மானிக்காமல், கத்திரி மத்தியானத்தில் 80 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று முதலில் வைத்துக்கொண்டேன். அதற்குள் என்ன வோல்ட்டேஜ் அடங்கும், அந்த வோல்ட்டேஜில் என்ன வேகம் நிற்கும் என்று கீழிருந்து ஏறினேன். 4.1 கிகாஹெர்ட்ஸ், 1.225 வோல்ட்டில் வந்து நின்றது.

இதில் உள்ள லாபத்தைப் பாருங்கள். சில்லு எரிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், வோல்ட்டேஜுக்கோ இருமடியாக ஏறும். 1.225ஐ 1.375ஆல் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கினால் 0.79. வேகக் குறைவையும் சேர்த்தால் 0.76. வேகத்தில் நூற்றுக்கு ஐந்தை விட்டுக்கொடுத்தேன், சூட்டில் கால் பங்கு போயே போய்விட்டது. இடைவெளி 55 இருந்த இடத்தில் 42. இன்னொரு வேடிக்கை, தொழிற்சாலையிலிருந்து வந்த ஆட்டோ நிலையைவிட இது கொஞ்சம் வேகமாகவும் ஓடுகிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஆட்டோவில் என் எக்ஸ்போர்ட் 3.95 பக்கம்தான் நிற்கும்.

இழப்பு இல்லாமல் இல்லை. ஆட்டோவில் ஒற்றைக் கோர் 4.2 வரை துள்ளும், கையால் பூட்டினால் அது போய்விடும். டைம்லைனை முன்னும் பின்னும் இழுக்கும்போது வித்தியாசம் தெரியும் என்று பயந்தேன், தெரியவில்லை. கேம் ஆடுகிறவர்களுக்குத் தெரியலாம். அவர்கள் இதைத் தொடாமல் ஆட்டோவிலேயே விடுவது நல்லது.

மிச்ச நேரம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பீர்கள். மூன்று மணி நேர எக்ஸ்போர்ட்டில் பழைய 4.3 கால் மணி நேரம் மிச்சம் பிடித்தது, இப்போதைய 4.1 ஏழு நிமிஷம். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் குடியாத்தத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் புது பென் டிரைவும் கொடுத்து, பலகாரமும் சாப்பிட்டு, திட்டும் வாங்கி வந்தேன்.

டவர் கூலர் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம், எனக்கு யாரும் சொல்லாதது. பெட்டியோடு வரும் கூலர் மேலிருந்து கீழே ஊதும், அதனால் பக்கத்தில் இருக்கும், புராசஸருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதிக்கும் காற்று கிடைக்கும். டவர் கூலர் பக்கவாட்டில் ஊதும், விஆர்எம் அனாதை. என்னுடையது பி450 மதர்போர்டு, அந்த இடத்தில் இருப்பது ஒரு சின்ன ஹீட்சிங்க். ஒருநாள் எக்ஸ்போர்ட் நடுவில் அதைத் தொட்டுவிட்டு விரலை உதறினேன். கேஸின் மேல்பக்கம் ஒரு விசிறி வைத்து வெளியே இழுக்கவிட்ட பிறகுதான் கை வைக்க முடிந்தது.

நான் வாங்கிய கூலர்களிலேயே விலை குறைந்தது எது தெரியுமா? சுண்ணாம்பு. 2023 மாசியில் மாடித் தரைக்கு இரண்டு கோட் வெள்ளை அடித்தேன், மேஜையை மேற்குச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன். மத்தியான நேரத்தில் அறை மூன்று டிகிரி குறைந்தது. அந்த மூன்று டிகிரி சில்லிலும் அப்படியே மூன்றாகத் தெரிந்தது. ஹைப்பர் 212ஐக் கழற்றிவிட்டு அதைவிட இரண்டு மடங்கு விலைக் கூலர் போட்டிருந்தாலும் இவ்வளவுதான் கிடைத்திருக்கும், எனக்கு ராத்திரி தூக்கமும் கிடைத்திருக்காது. 2024 ஏப்ரல் கடைசியில் வெளியே 40ஐத் தாண்டி அடித்ததே, அப்போதும் அறை 36ஐத் தாண்டவில்லை, சில்லு 79இல் நின்றது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. சித்திரைக்கு முன்னால் ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை மாடிக்குத் தூக்கிப்போய் புளோயர் அடிப்பேன். அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெறிகொண்டு சுழன்று பேரிங் போகும். பேஸ்ட் எம்எக்ஸ்-4, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. சாயந்திரம் தெருவெல்லாம் ஏசி போட்டதும் வோல்ட்டேஜ் இறங்கும், அதனால் யுபிஎஸ் இல்லாமல் எக்ஸ்போர்ட் போடுவதில்லை. பரீட்சையும் இப்போது மே மாத மத்தியானத்தில்தான் வைக்கிறேன், ஒரு முழுக் கல்யாணத்தை ஓட்டி, முடிந்ததும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பென் டிரைவ். தாலி கட்டும் இடத்தை மட்டும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன், அது எண்களை நம்பாததால் அல்ல, பயம்.

அக்கா பையன் இப்போது வேலைக்குப் போய்விட்டான். போன மாதம் புது ரைசன் வாங்கியிருக்கிறான், கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் வோல்ட்டேஜைக் குறைத்துக்கொண்டு வருகிறானாம். "மைனஸ் முப்பது வச்சிட்டேன் மாமா, சூப்பரா ஓடுது" என்றான். அறையில் எவ்வளவு டிகிரி என்று கேட்டேன். ஏசி 22இல் இருக்கிறதாம்.

என்னுடையதில் பின்பக்க விசிறி ஒரு வாரமாகக் கரகர என்கிறது. எண்ணெய் விட்டும் அடங்கவில்லை. அடுத்த முறை காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெருவில் ஒன்று பார்க்க வேண்டும். தை பிறப்பதற்குள் மாற்றிவிட்டால் போதும்.