காரைக்குடியில் ஒருநாள் பேச்சுப் பயிற்சி: காலை வகுப்பும் மாலை வகுப்பும்

மூன்று தலைமுறையாக, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் குடும்பத்தில் பிறந்திருந்தும், சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஒருவர் சென்ற ஆண்டு, "சூளையில் சுடாத கல்லுக்கு இந்தப் பளபளப்பு எப்படி வருகிறது?" என்று கேட்டபோது, எங்கள் ஊர் மண்ணின் ராசி என்று மழுப்பத்தான் என்னால் முடிந்தது. அந்த வெட்கத்தால்தான், சிறுதொழில் செய்வோருக்காகக் காரைக்குடியில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு 1,200 ரூபாய் கட்டிச் சென்றேன்.

காலை வகுப்பு ஒன்றுக்காகவே அந்தத் தொகையைக் கொடுக்கலாம். வாடிக்கையாளர் கேட்டுவிடக் கூடாதே என்று நாம் அஞ்சும் கேள்விகளை முதலில் தாளில் எழுதச் சொன்னார் பயிற்சியாளர். ஒரு கல்லின் நிறம் மற்றொன்றில் சற்று மாறுவது ஏன், எலுமிச்சைச் சாறு சிந்தினால் என்ன ஆகும், இத்தனை நாள் காத்திருக்க வேண்டியது எதற்கு என்று எழுத எழுத, விடைகள் எல்லாம் பட்டறையிலேயே கிடப்பது புரிந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, ஈரக் கலவையை இட்டு மட்டம் செய்கிறோம். சிமெண்ட் கண்ணாடியை ஒட்டியே இறுகுவதால் அதன் வழவழப்பு கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவதற்குத்தான் நாள் பிடிக்கிறது. புளிப்பு சிமெண்டை அரிக்கும் என்பதை மறைக்காமல் நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்றார் பயிற்சியாளர். வாங்கியவர் பின்னால் தாமே கண்டறிந்தால், நாம் சொன்ன நல்லவற்றையும் நம்பமாட்டாராம்.

என் அருகில் அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர் கண்டாங்கிச் சேலை விற்பவர். 2019-இல் கிடைத்த புவிசார் குறியீட்டிலிருந்து அவர் பேச்சைத் தொடங்கியபோது, முதலில் சேலையை விரித்துக் கட்டத்தையும் கரையையும் காட்டச் சொன்னார்கள். அதன்பின் அவர் குரலே மாறிவிட்டது.

மாலை வகுப்பு வீண். பலகாரக் கடைக்காரருக்கும் தங்கும் விடுதி நடத்துபவருக்கும் ஒரே ஆங்கில அறிமுகத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். முப்பது பேருக்கு ஒரே பயிற்சியாளர் என்பதால், பேசிப் பார்க்கும் முறை எனக்கு வந்தபோது பாதிப் பேர் பேருந்துக்குக் கிளம்பியிருந்தனர். மதியச் சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. செல்பவர்கள் தங்கள் கேள்விகளை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்வது நல்லது.

இம்மாதம் வீடு கட்டும் தம்பதியர் பட்டறைக்கு வந்தபோது, கண்ணாடித் தகடு ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினேன். எலுமிச்சைச் செய்தியையும் நானே சொன்னேன். சமையலறைக்கு வேண்டாம் என்றவர்கள், முகப்புக்கும் வளவு எனப்படும் உள்முற்றத்துக்கும் விலை கேட்டுச் சென்றிருக்கிறார்கள்.