ஆபீசில் ரேடியோ: மொபைல் டேட்டாவா, பழைய எஃப்எம்மா?

எங்கள் ஆபீஸ் வைஃபையில் பாட்டு, வீடியோ எல்லாமே பிளாக். அதை விபிஎன் போட்டுத் தாண்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன், மாட்டினால் வேலைக்கே சிக்கல். அப்புறம் ரேடியோ கேட்க மிச்சம் இருப்பது இரண்டு வழிதான்.

ஒன்று, சொந்த மொபைல் டேட்டாவில், ஆகாசவாணி நிலையங்களைக் கேட்க உதவும் நியூஸ்ஆன்ஏர் மாதிரி ஆப். 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஸ்ட்ரீம் என்றால் மணிக்கு 29 எம்பி போல ஆகும், 128 என்றால் 58; எட்டு மணி நேரம் முழுக்கக் கேட்டாலும் 460 எம்பிதான், தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு இது பெரிய செலவே இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு திருச்சி, மதுரை நிலையங்களைக் கேட்கலாம், எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஆனால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும்.

இன்னொன்று, எஃப்எம் இருக்கிற போன் அல்லது சின்ன பாக்கெட் ரேடியோ. டேட்டாவே வேண்டாம், பேட்டரியும் தாங்கும். போனில் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா, அதனால் புளூடூத் மட்டும் போதாது, ஒயரைச் செருகியே ஆக வேண்டும். என் சீட் கட்டடத்தின் நடுவில், அங்கே ஆகாசவாணியின் 101.4 ரெயின்போ நிலையம் வெறும் இரைச்சல். ஒயரை நீட்டி ஜன்னல் பக்கம் வைத்தால் கண்ணாடி மாதிரி தெளிவு.

ஜன்னலோர சீட் கிடைத்தவர்கள் யோசிக்காமல் எஃப்எம் பக்கம் போகலாம். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு டேட்டாதான், கூடவே ஒரு சார்ஜர்.