விபத்து நடந்ததும் இன்சூரன்ஸுக்குச் சொல்வது யார்: நீங்களா, ஏஜென்ட்டா, ஒர்க்‌ஷாப்பா?

கார் எங்காவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் போக நான்கு வழிகள் இருக்கின்றன. பாலிசியில் உள்ள டோல்ஃப்ரீ எண்ணுக்கு நாமே பேசலாம். கம்பெனியின் ஆப்பில் பதியலாம். பாலிசி போட்டுத் தந்த ஏஜென்ட்டிடம் சொல்லலாம். இல்லையென்றால் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, "நீங்களே பார்த்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம். நம்மில் பலர் போவது இந்தக் கடைசி வழியில்தான். நான்கிலும் எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான்.

ஒர்க்‌ஷாப்பில் வசதி உண்டு, மறுக்கவில்லை. பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் ஏற்பாடு உள்ள இடமென்றால் எஸ்டிமேட் போடுவது, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை வரவழைப்பது, பில்லை அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாம் தருவது ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி நகல், ஒரு கையெழுத்து. சிக்கல் அந்தக் கையெழுத்தில்தான் வருகிறது. கிளெய்ம் படிவத்தில் 'விபத்து எப்படி நடந்தது' என்று ஒரு பகுதி இருக்கும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சர்வீஸ் அட்வைசர் தனக்குப் பழகிப்போன வரியை எழுதிவிடுவது உண்டு: 'நாய் குறுக்கே வந்ததால் டிவைடரில் உரசியது.' உங்கள் வண்டியோ அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூணில் இடித்திருக்கும்.

சர்வேயர் பார்ப்பது படிவத்தை மட்டுமல்ல. அடிபட்ட இடத்தின் உயரம், கீறல் ஓடிய திசை, ஒட்டியிருக்கும் வேற்று பெயின்ட் எல்லாவற்றையும் பார்ப்பார். டிவைடரில் உரசினால் கீறல் தாழ்வாக, நீளவாக்கில் ஓடும். தூணில் இடித்தால் பம்பர் ஓரிடத்தில் உள்வாங்கும். எழுதியதும் தடமும் பொருந்தாவிட்டால், நிஜமாகவே நடந்த விபத்துக்குக் கூட 'தவறான தகவல்' என்று கிளெய்ம் மறுக்கப்படலாம். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். யார் ஓட்டினார் என்ற கேள்விக்கும் இதேதான். மகன் ஓட்டியிருந்தால் மகன் பெயரும் அவர் லைசென்ஸ் எண்ணும்தான் வர வேண்டும். "ஓனர் பேரையே போட்டுடலாம் சார்" என்றால் சம்மதிக்காதீர்கள். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்கவும் விடாதீர்கள்.

ஏஜென்ட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கிளெய்ம் செய்யலாமா, கைக்காசு போட்டே சரிசெய்யலாமா என்று ஒரு நல்ல ஏஜென்ட் கணக்குப் போட்டுச் சொல்வார். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 50 சதவீதம் வரை போகும். ஒரு கிளெய்ம் வாங்கினால், அதைக் காக்கும் ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டி எடுக்கும் பாதுகாப்பு) இல்லாத பட்சத்தில், பூஜ்யத்துக்கு இறங்கி 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். நம் வண்டியின் சேதத்துக்கான 'சொந்த சேதப் பிரீமியம்' 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இதுவரை 5,000 கட்டியவர் அடுத்த ஐந்து வருடத்தில் மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டுவார். 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் என்று ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் வேறு. தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் ஆட்-ஆன் எடுக்காதவருக்கு பிளாஸ்டிக் பாகங்களில் பாதி விலைதான் கிடைக்கும். 6,000 ரூபாய் பம்பர் வேலைக்குக் கிளெய்ம் போவது நஷ்டம். ஆனால் ஏஜென்ட்டிடம் சொன்னதாலேயே கம்பெனியில் பதிவாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. கிளெய்ம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஆப் சின்னச் சேதத்துக்குச் சரி. படங்கள் நேரடியாகப் போய்ச் சேர்கின்றன, என்ன பதிந்தோம் என்பது நம்மிடமே இருக்கிறது. நம்பர் பிளேட்டும் சுற்றுப்புறமும் தெரிய ஒரு படம், அடிபட்ட இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்தால் போதும்.

சம்பவ இடத்திலிருந்தே செய்யும் போன்தான் என் தேர்வு. தேதி, நேரம், இடம், ஓட்டியவர் எல்லாம் நம் வாயாலேயே, ஞாபகம் மங்கும் முன் பதிவாகிவிடும். வண்டியை ஓட்டலாமா, டோ செய்ய வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். இது முக்கியம். சரிசெய்யாமல் ஓட்டிக் கூடுதல் சேதம் வந்தால் அது உங்கள் பாடு என்று பாலிசி நிபந்தனையே சொல்கிறது. வேளச்சேரியில் வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்கள் சண்டை போட வேண்டியிருந்தது இதனால்தான். எதிராளியிடம் "செலவை நான் தந்துடறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடவும் கூடாது. கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அப்படி ஒப்புக்கொள்வது பாலிசிப்படி தவறு.

யாருக்காவது அடிபட்டிருந்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. முதலில் சிகிச்சை, அப்புறம் போலீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் தருவதும் அதே பிரிவு ஓட்டுநர் மீது சுமத்தும் கடமை. இதை ஒர்க்‌ஷாப்பிடம் ஒப்படைக்க முடியாது.

சரி, ஏதோ காரணத்தால் சொல்லத் தாமதமாகிவிட்டது என்றால்? தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி நியாயமான கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏ 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தை ஆதாரத்தோடு எழுதிக் கொடுங்கள். மறுத்தால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.