ஆயிரம் துண்டு ஜிக்சா: மூடியில் உள்ள படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

துறைமுகப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நாம் திரும்பப் பொருத்தி அடுக்கும்படி விற்கும் இந்த ஜிக்சா புதிருக்கு வந்திருக்கும் மதிப்புரைகள் எல்லாம் ஒரே அச்சு: முடித்த படத்தின் போட்டோ, கீழே 'சூப்பர்', ஐந்து நட்சத்திரம். முடித்தால் எப்படி இருக்கும் என்பதைத்தான் பெட்டி மூடியிலேயே அச்சடித்திருக்கிறார்களே, அதைச் சொல்ல மதிப்புரை எதற்கு? அடுக்குகிற நேரம் எப்படிப் போகும் என்று ஒருவரும் எழுதவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டை நல்ல கனம், ஓரங்களில் பிசிறில்லை, பெட்டியைக் கவிழ்த்தால் தூள் கொட்டவில்லை. மேல்பூச்சு பளபளக்காதது, இது பெரிய விஷயம், ஏனென்றால் பளபளக்கும் துண்டுகளை விளக்கு வெளிச்சத்தில் அடுக்கியவர்களுக்குத் தெரியும், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தே கழுத்து போய்விடும். ஆயிரம் என்று போட்டிருந்தாலும் 38க்கு 27 வரிசை, ஆக 1026 துண்டுகள். பல கம்பெனிகள் இப்படித்தான் வெட்டுகின்றன.

சிக்கல் வெட்டில்தான். நேர்நேராக வரிசை போட்டு வெட்டியதில் முக்கால்வாசித் துண்டுகளும் ஒரே அச்சாக, பக்கத்துத் துண்டில் மாட்டும் குமிழ் இரண்டு, அதன் குமிழ் வந்து உட்காரும் குழி இரண்டு. கீழ்ப்பாதியில் படகு, கயிறு, ஜன்னல் என்று கண்ணுக்குப் பிடி கிடைக்கிறது, அங்கே அருமை. மேலே வானம் முழுக்க ஒரே நீலம், தப்பான துண்டும் சொகுசாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, நாலு வரிசை தள்ளித்தான் குட்டு வெளிப்படும். கஷ்டமாக இருப்பது குறையில்லை, அதற்குத்தானே காசு கொடுத்தோம். ஆனால் சரியாக வைத்தால் சரி என்று துண்டு கைக்குச் சொல்ல வேண்டாமா?

ஜிக்சாவின் ஆரம்பத்தைப் பாருங்கள்: 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைக்கோடுகள் வழியாக அறுத்து விற்றது பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தர. முடித்தால் ஒரு பலன் இருந்தது. துறைமுகத்தை அடுக்கி நமக்கு என்ன கிடைக்கப்போகிறது? அடுக்கும் நேரம்தான் சரக்கே. ஆபீஸில் 'முடிஞ்சுதா?' என்று கேட்கிறார்கள், சரி, சம்பளம் அதற்குத்தான், இதற்கும் அதே கேள்வி கேட்பவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்புறம், ஒட்டிச் சட்டம் போட இலவசமாகப் பசை வேறு. சுவரில் மாட்டத்தான் என்றால் போஸ்டர் வாங்கிவிடலாம், வெட்டுக்கோடும் தெரியாது. பசைக்குப் பதில் துண்டுகளைப் பிரித்து வைக்க நாலு தட்டு கொடுத்திருக்கலாம். நான் முடித்ததும் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஐந்துக்கு மூன்று. இதே அட்டையில், நேர்வரிசை இல்லாமல் துண்டுக்குத் துண்டு வடிவம் மாறும் வெட்டில் ஒன்று போடட்டும், மூடியில் என்ன படம் இருந்தாலும் வாங்குகிறேன்.