நீர்த்தொட்டியில் 44.5 பாகை: பிஐடி கட்டுப்படுத்தியுடன் மூன்று ஆண்டுகள்

திருகோணமலையில் நான் பணியாற்றும் சிறிய நீர்ப் பரிசோதனைக்கூடத்தில், கிணற்று நீரில் மலக் கோலிபோம் (மலக் கலப்பைக் காட்டும் பற்றீரியா) உண்டா என்று பார்க்க, மாதிரிக் குழாய்களை 44.5 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைத்திருக்கிறோம், விலகல் 0.2 பாகையைத் தாண்டக் கூடாது. இதற்கென 20 லீற்றர் தொட்டியையும் 1000 வாற்று சூடாக்கியையும், விலகலை விகிதசமம், தொகையீடு, வகையீடு என மூன்று வழிகளில் கணித்துச் சூடாக்கியின் வலுவை மாற்றும் பிஐடி கட்டுப்படுத்தி ஒன்றையும் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

தொடக்கத்தில், கட்டுப்படுத்தி தன் எண்களைத் தானே தேர்ந்துகொள்ளும் ஓட்டோ டியூன் வசதியை முழுமையாக நம்பினேன். அது விகிதசமப் பட்டையை (இலக்கை நெருங்கும்போது சூடாக்கியின் வலு படிப்படியாகக் குறையும் இடைவெளி) 1 பாகையாகவும் தொகையீட்டு நேரத்தை (நீடிக்கும் விலகலைச் சேர்த்துத் திருத்தும் வேகம்; எண் சிறிதானால் வேகம் கூடும்) 120 செக்கனாகவும் வைத்தது, நீர் 45.6 பாகை வரை ஏறி, அரை மணி நேரம் கழித்தே இறங்கியது. காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் இத்தொட்டியின் இயல்பு விளங்கியது. 20 லீற்றர் நீரை 1 பாகை உயர்த்த ஏறத்தாழ 84 கிலோயூல் வேண்டும். அதைச் சூடாக்கி 84 செக்கனில் கொடுத்துவிடுகிறது. தணிப்பதற்கோ தனிக் கருவி எதுவுமில்லை. மூடிய தொட்டி 50 வாற்று அளவே வெப்பத்தை இழப்பதால், அதே 1 பாகை இறங்க 28 நிமிடம் செல்கிறது. இத்தகைய கட்டுப்படுத்திகளின் எண்களைத் தேர்ந்தெடுக்க 1942இல் சீக்லரும் நிக்கல்சும் வகுத்த விதி, இலக்கைத் தாண்டும் ஒவ்வொரு மிகை ஏற்றமும் முந்தியதன் கால் பங்காகக் குறைவதையே இலக்காகக் கொண்டது. மெல்ல மட்டுமே தணியக்கூடிய தொட்டிக்கு, மிகை ஏற்றத்தை அனுமதிக்கும் அத்தகைய வேகம் பொருந்தாது.

எண்களைத் தொடுமுன் தொட்டியைச் சீர்செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அருகருகே இருந்தும் ஒன்றுக்கொன்று சூட்டில் வேறுபடுவதை நம்மூரார் அறிவர். கலக்காத தொட்டியின் மூலைகளும் அவ்வாறே வேறுபட்டன. சிறிய சுழற்சிப் பம்பி ஒன்றைப் பொருத்தி, மூலையில் கிடந்த உணரியைக் குழாய்த் தாங்கியின் அருகே நீரோட்டத்தில் நிறுத்தியதும், எந்த எண்ணையும் மாற்றாமலேயே அலைவு பாதியாகக் குறைந்தது.

பின்னர் பட்டையை 2.5 பாகையாகவும் தொகையீட்டு நேரத்தை 600 செக்கனாகவும் உயர்த்தி, வெப்பநிலை மாறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே திருத்தும் வகையீட்டை 30 செக்கனில் வைத்து, பட்டைக்குள் நுழைந்த பிறகே தொகையீடு செயற்படும்படி அமைத்தேன். சூடேறும் நேரத்தில் தொகையீடு வீணாகச் சேர்ந்துகொண்டே போவது இதனால் நின்றது. இப்போது மிகை ஏற்றம் 0.1 பாகையைத் தாண்டுவதில்லை.

எஞ்சிய சிக்கல் கச்சான் எனப்படும் வரண்ட தென்மேற்குக் காற்று. அது வீசும் மாதங்களில் யன்னலோரம் மூடியைச் சற்றுத் திறந்துவைத்தாலும் ஆவியாதல் பெருகி, நீர் 0.3 பாகை வரை தாழ்ந்து, தொகையீடு மெதுவாக இருப்பதால் மீளக் கால் மணி நேரம் எடுக்கிறது. அதற்காக எண்களை வேகப்படுத்த நான் உடன்படவில்லை. தொட்டியை உட்சுவருக்கு நகர்த்தி, மாதிரிகளை எல்லாம் ஒரே தடவையில் வைத்து மூடுகிறோம். ஆவியாகும் நீருக்கு ஈடாக வடித்த நீரை மட்டுமே சேர்க்கிறோம், ஏனெனில் குழாய் நீர் விட்ட முதலாண்டில் சூடாக்கியின்மேல் படிந்த சுண்ணாம்பு, வெப்பம் நீரைச் சேரத் தாமதமாக்கி, சரியாக இருந்த எண்களையே பிழையாக்கிவிட்டது.